சீனி மாத்திரை போட்ட தே அப்பாவுக்கு மட்டும் ஏன் கசக்குது? நாக்குக்கு இனிப்பு எப்படித்தான் தெரியுது?

தேக்கா_மீனா
வெள்ளி இரவு 10:14

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி இது, யாராவது வெளக்குங்க. எங்க அப்பாவுக்கு வயசு 71, போன வருஷம் பாலிகிளினிக்ல சக்கரை இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஐம்பது வருஷமா கோப்பிக்கடையில கெட்டிப்பால் ஊத்துன தே குடிச்சுப் பழகின மனுஷன், இப்ப வீட்ல தே ஓ, அதான் பால் ஊத்தாத தே, போட்டு அதுல சீனிக்குப் பதிலா குட்டியா ஒரு வெள்ளை மாத்திரை இருக்குல்ல, அதுல ரெண்டு போட்டுக் குடுக்கிறோம். மொத வாய் குடிச்சதும் "இனிக்குதும்மா"ங்கிறாரு, முழுங்கின ஒடனே மூஞ்சி சுருங்கிடுது, "பின்னாடியே ஒரு கசப்பு வருது, தகரத்த நக்குன மாதிரி"ங்கிறாரு. என் தம்பி அதே தேயக் குடிச்சுட்டு "ஒரு கசப்பும் இல்ல, பழைய தே வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறாரு"ன்னு சொல்றான், எனக்கு லேசா ஏதோ இருக்குற மாதிரியும் இருக்கு இல்லாத மாதிரியும் இருக்கு. தினமும் காலையில இதுக்கே வாக்குவாதம், அப்பா பாதி கிளாஸ் வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாரு.

டப்பாவ திருப்பிப் பாத்தேன், சக்கரின்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. மொளகு அளவு கூட இல்லாத மாத்திரை எப்படி ரெண்டு ஸ்பூன் சீனி மாதிரி இனிக்குது? அதுல சீனியே இல்லையே, அப்ப நாக்கு எத வச்சு அத இனிப்புன்னு முடிவு பண்ணுது?

ஈசூன்_ரவி
வெள்ளி இரவு 10:31

நாக்கோட நுனியில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, பின்னாடி கசப்புன்னு தொடக்கப்பள்ளி சயன்ஸ் புக்ல படம் போட்டிருப்பாங்களே. முழுங்கும்போது பின்பக்கம் படுது, அதான் அப்பாவுக்கு கசக்குது. சிம்பிள்.

கரிம_கண்ணன்
வெள்ளி இரவு 11:20

ரவி, அந்தப் படம் தப்புப்பா. 1901ல ஹேனிக்னு ஒரு ஜெர்மன்காரர் நாக்கோட வெவ்வேற இடத்துல சுவை உணர்வு கொஞ்சூண்டு கூடக் கொறையுதுன்னு அளந்து எழுதினாரு, 1942ல போரிங்னு ஒரு ஹார்வர்ட் பேராசிரியர் அத தன் புத்தகத்துல ஒரு கிராஃபா போட்டாரு, அந்த கிராஃபப் பாத்தவங்க இங்க இனிப்பு மட்டும் அங்க கசப்பு மட்டும்னு எடுத்துக்கிட்டாங்க, அது அப்படியே உலகம் பூரா பாடப்புத்தகத்துல ஏறிடுச்சு. சுவை மொட்டு இருக்குற எல்லா இடத்துலயும் எல்லாச் சுவையும் தெரியும். நுனி நாக்குல பாவக்காய வச்சுப் பாருங்க.

மீனா தங்கச்சி, நான் துவாஸ் பக்கம் ஒரு ஃபிளேவர் லேப்ல வேலை பாக்குறேன், காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் இதேதான் எனக்குத் தொழில், அதனால கொஞ்சம் நீட்டி எழுதினா பொறுத்துக்கங்க. மொதல்ல உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, அப்பா சொல்றது பொய் இல்ல. ஏன்னு கடைசியில வர்றேன்.

நாக்குல ஒரு சுவை மொட்டுக்குள்ள 50லேர்ந்து 100 செல் இருக்கும், பூண்டுப் பல்லு மாதிரி நெருக்கமா நிக்கும். அதுல சில செல் இனிப்புக்குன்னே இருக்கு. அந்த செல்லோட தோல்ல டி1ஆர்2, டி1ஆர்3ன்னு ரெண்டு புரோட்டீன் ஜோடியா ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒவ்வொண்ணும் 800க்கு மேல அமினோ அமிலம் கோத்த நீளமான சங்கிலி. இந்த ஜோடிதான் இனிப்பு ரிசெப்டர். 2001லதான் அமெரிக்காவுல சார்ல்ஸ் ஜூக்கர், நிக்கோலஸ் ரைபா ரெண்டு பேரோட குழு இந்த ரெண்டும் சேந்தாத்தான் இனிப்பு தெரியும்னு காமிச்சாங்க, யோசிச்சுப் பாருங்க, சந்திரனுக்குப் போய் முப்பது வருஷம் கழிச்சுத்தான் நம்ம நாக்குல இனிப்பு எங்க படுதுன்னு கண்டுபிடிச்சிருக்கோம்.

இந்தப் புரோட்டீனோட மேல்பாதி செல்லுக்கு வெளிய, எச்சில்ல நீட்டிக்கிட்டு இருக்கும். பூச்சி உள்ள வந்து உக்காந்தா ரெண்டு எதழையும் மூடிக்கிற செடி ஒண்ணு இருக்கே, கார்டன்ஸ் பை தி பேல குளிர் கூடத்துல வச்சிருப்பாங்க, வீனஸ் ஃப்ளைட்ராப், அந்தப் பேர்தான் இந்தப் பகுதிக்கும் வச்சிருக்காங்க. சீனி மூலக்கூறு அந்த ரெண்டு எதழுக்கு நடுவுல வந்து உக்காருது, எதழ் மூடுது, அந்த அசைவு கீழ கழுத்து வழியா எறங்கி, செல்லோட தோல ஏழு தடவை ஊடுருவி நிக்கிற அடிப்பகுதிய நெளிக்குது. அவ்வளவுதான். உள்ள இருக்குற செல்லுக்கு சீனி எதுவுமே தெரியாது, கதவோட கைப்பிடி திரும்பினது மட்டும்தான் தெரியும்.

அதனாலதான் சீனியே இல்லாத ஒண்ணு கூட இனிக்க முடியுது. கைப்பிடியத் திருப்பினா போதும்.

ஜேசி_மாணவன்
வெள்ளி இரவு 11:42

கண்ணன் அண்ணா, அப்ப இது என்சைம் லாக் அண்ட் கீ மாதிரியா? அடுத்த வாரம் பயாலஜி டெஸ்ட் இருக்கு, அதான் கேக்குறேன். சீனி அங்க ஒடஞ்சு போகுமா?

கரிம_கண்ணன்
வெள்ளி இரவு 11:58

ஒடையாது தம்பி, முக்கியமான வித்தியாசமே அதுதான். என்சைம் தன்கிட்ட வர்றத வேற ஒண்ணா மாத்தி அனுப்பும். ரிசெப்டர் எதையும் மாத்தாது, சீனி வரும், கொஞ்ச நேரம் உக்காரும், வந்த மாதிரியே எந்திரிச்சுப் போயிடும். உக்காரும்போது பிடிச்சிருக்குறது ஹைட்ரஜன் பாண்ட் மாதிரி மெல்லிசான பிடிப்புங்கதான்.

உள்ள நடக்குற சங்கிலியையும் எழுதிடறேன், டெஸ்டுக்கு ஒதவும். அடிப்பகுதி நெளிஞ்சதும் செல்லுக்குள்ள கஸ்ட்டூசின்னு ஒரு ஜி புரோட்டீன் கழண்டு வேலைய ஆரம்பிக்கும், பிஎல்சி பீட்டா 2ங்கிற என்சைம் ஐபி3ங்கிற சின்ன மூலக்கூற வெட்டி விடும், அது போய் செல்லுக்குள்ள பூட்டி வச்சிருக்குற கால்சியத்த தெறந்து விடும், கால்சியம் கூடினதும் டிஆர்பிஎம்5னு ஒரு வாசல் தெறந்து சோடியம் உள்ள பாயும், செல்லோட மின்னழுத்தம் மாறும், அந்த மாத்தத்துல இன்னொரு வாசல் தெறந்து ஏடிபி வெளிய கொட்டும், பக்கத்துல இருக்குற நரம்பு நுனி அந்த ஏடிபிய மோந்து மூளைக்கு தகவல் அனுப்பும். செல்லுக்கு சாப்பாடா இருக்குற அதே ஏடிபிதான் இங்க தூது போகுது, எனக்கு இத மொத தடவ படிச்சப்ப புல்லரிச்சுப் போச்சு. எல்லாம் ஒரு செகண்டுக்குள்ள.

தேக்கா_மீனா
சனி காலை 7:05

கண்ணன் அண்ணா ரொம்ப நன்றி, தே குடிச்சுக்கிட்டே ரெண்டு தடவ படிச்சேன். ஆனா ஒண்ணு புரியல. சீனியும் மாத்திரையும் ஒரே கைப்பிடியத்தான் திருப்புதுன்னா மாத்திரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சக்தி? நூறு மடங்கு எறநூறு மடங்குன்னு போடறாங்களே.

கரிம_கண்ணன்
சனி காலை 9:40

நல்ல கேள்விம்மா. நாம சீனியப் பத்தி நெனச்சு வச்சிருக்குறதே தலைகீழா இருக்கு. சீனிதான் இனிப்புக்கு ராஜான்னு நெனைக்கிறோம், உண்மையில இந்த ரிசெப்டருக்கு சீனி ரொம்ப வலுவில்லாத ஆளு. தண்ணியில லிட்டருக்கு மூணு மூணரை கிராம் சீனி இருந்தாத்தான் பெரும்பாலானவங்களுக்கு இனிப்புன்னே தெரிய ஆரம்பிக்கும், ஒரு பெரிய கப்புக்கு கால் டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மின்னு வச்சுக்கங்க. கசப்புக்கு குயினைன எடுத்தா மூலக்கூறு கணக்குல அதவிட ஆயிரம் மடங்கு கம்மியா இருந்தாலே நாக்கு பிடிச்சிடும். வெஷமா இருக்கக்கூடியத ஒரு துளியிலயே கண்டுபிடிக்கணும், சாப்பாடா இருக்குறது வயித்துக்குப் போதுற அளவு இருந்தா மட்டும் சொன்னா போதும். லேசா சீனி இருக்குற ஒவ்வொரு எலை தழைக்கும் நாக்கு துள்ளினா நம்ம பாட்டன் பூட்டன் காட்டுல எத எடுக்குறது எத விடுறதுன்னு முழிச்சிருப்பாங்க.

நம்ம சிங்கப்பூர்ல பானத்துல எவ்வளவு சீனி இருக்குன்னு எழுத்து போடுற நியூட்ரி-கிரேடு கணக்கோட சேத்துப் பாருங்க. 100 மில்லிக்கு 5 கிராம் வரைக்கும் பி, 10 கிராம் வரைக்கும் சி, அதுக்கு மேல டி. பி கிரேடோட மேல் வரம்பே இனிப்பு தெரிய ஆரம்பிக்கிற அளவ விட பதினஞ்சு மடங்கு கிட்ட வருது. அவ்வளவு கொட்டினாத்தான் அந்த ஃப்ளைட்ராப்புங்க போதுமான அளவு மூடியிருக்கும், ஏன்னா சீனி உக்காந்த வேகத்துல எந்திரிச்சுப் போயிடுது.

இப்ப சுக்ரலோஸ் எடுத்துக்கங்க. அது சீனியேதான், மூணு எடத்துல இருந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொத்த எடுத்துட்டு குளோரின் வச்சிருக்காங்க. அந்தக் குளோரின் ரிசெப்டரோட குழிக்குள்ள கச்சிதமா பொருந்துது, சீனிய விட கிட்டத்தட்ட 600 மடங்கு இனிப்பு. 1976ல லண்டன்ல ஷஷிகாந்த் பட்னிஸ்னு ஒரு இந்திய மாணவர்கிட்ட இந்த குளோரின் சேத்த சீனிய டெஸ்ட் பண்ணுன்னு சொன்னாங்களாம், அவரு காதுல டேஸ்ட் பண்ணுன்னு விழுந்து நாக்குல வச்சுட்டாரு, அப்படிக் கெடச்சதுதான்னு சொல்லுவாங்க. சக்கரின் 1879லயே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஃபால்பெர்க்னு ஒருத்தர் கையில ஒட்டினதோட சாப்பிட உக்காந்து கண்டுபிடிச்சது, சுமார் 300 மடங்கு.

இன்னொண்ணு, எல்லாரும் ஒரே எடத்துல உக்காரல. சீனி ரெண்டு புரோட்டீனோட ஃப்ளைட்ராப்லயும் உக்காரும்னு அளந்திருக்காங்க, சுக்ரலோஸ், அஸ்பார்ட்டேம்ங்கிற இன்னொரு செயற்கை இனிப்பு ரெண்டும் டி1ஆர்2ல மட்டும். சைக்லமேட்னு ஒண்ணு மேல வரவே வராது, அடியில செல்லோட தோலுக்குள்ள பொதஞ்சிருக்குற டி1ஆர்3 பகுதியில போய் ஒட்டும். கதவு ஒண்ணுதான், வாசப்படியில தட்டினாலும் தெறக்குது, கீல்ல எண்ணெய் விட்டாலும் தெறக்குது. 2025ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஜூக்கர் குழுவே இந்த மனுஷ ரிசெப்டர உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல அணு அணுவா படம் எடுத்துட்டாங்க, சுக்ரலோஸ் உள்ள உக்காந்திருக்குறது அப்படியே தெரியுது. அந்தப் படத்த பிரிண்ட் எடுத்து என் மேசையில ஒட்டி வச்சிருக்கேன்.

இதுக்கு 60 வருஷம் முன்னாடி யாருக்கும் பூட்டு தெரியாது, சாவிங்க மட்டும் தெரியும். 1967ல ஷாலன்பெர்கர், ஏக்ரீன்னு ரெண்டு பேரு இனிக்கிற எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாத்துட்டு, ஒரு ஹைட்ரஜன் குடுக்குற முனையும் ஒரு ஹைட்ரஜன் வாங்குற முனையும் சுமார் 3 ஆங்ஸ்ட்ரம் தள்ளி இருந்தா இனிக்கும்னு சொன்னாங்க, ஒரு மீட்டர ஆயிரம் கோடியா வெட்டினா ஒரு துண்டுதான் ஆங்ஸ்ட்ரம். சாவிகள மட்டும் பாத்து பூட்டோட உள்பக்கத்த வரையுறதுன்னா சாதாரண வேலையா? முழுசா சரியா வரலன்னாலும் அந்த யோசனைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பொங்கோல்_செல்வி
சனி காலை 10:15

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எங்க வீட்டுப் பூனை கேக்க கிட்டக்கூட பாக்க மாட்டேங்குது, கோழி வச்சா பாயுது. அதுக்கும் இதே ரிசெப்டர்தானா?

கரிம_கண்ணன்
சனி காலை 10:28

பூனைக்கு இனிப்பே தெரியாதுங்க. 2005ல ஃபிலடெல்ஃபியாவுல மோனெல் ஆய்வு நிலையத்துல கண்டுபிடிச்சாங்க, பூனையோட டி1ஆர்2 ஜீன்ல 247 எழுத்து காணாமப் போயிருக்கு, அந்தப் புரோட்டீனே உருவாகாது. ஜோடியில ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு தனியா என்ன பண்ணும்? புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அதேதான்.

பறவைங்களுக்கும் டி1ஆர்2 கெடையாது. ஆனா நம்ம வீவக அடுக்குமாடி வீட்டு பால்கனியில தேன்சிட்டு கூடு கட்டுதே, அது எப்படி தேன் தேடிப் போகுது? மாமிச ருசிக்குன்னு இருக்குற டி1ஆர்1, டி1ஆர்3 ஜோடிய பாடும் பறவைங்க இனிப்புக்கும் சேத்து பழக்கிக்கிச்சுன்னு 2021ல காமிச்சாங்க, தேன்சிட்டும் அந்த இனந்தான். அமெரிக்காவுல இருக்குற ஹம்மிங் பறவை இதையே தனியா இன்னொரு வழியில செஞ்சுக்கிச்சு, அது 2014லயே வந்த தகவல். காலையில செம்பருத்தியில தொங்கிக்கிட்டு இருக்கும்ல, அந்த மூக்கு நுனிக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு.

உட்லண்ட்ஸ்_பெரியவர்
சனி மதியம் 2:50

தம்பி கண்ணன் எழுதுறத ஆசையா படிச்சுக்கிட்டு வர்றேன். எனக்கு 78 வயசு, பொறந்தது பட்டுக்கோட்டை பக்கம், 1966ல கப்பல் ஏறி வந்தவன். எங்க ஊர்ல வேலியில சிறுகுறிஞ்சான் கொடி ஓடும், சர்க்கரைக்கொல்லின்னும் சொல்லுவோம். சின்னப் புள்ளையில எங்க ஆயா ரெண்டு எலையப் பறிச்சு என்னை மெல்லச் சொல்லி, அப்பறம் ஒரு வெல்லக்கட்டிய வாயில வச்சாங்க. வெல்லமே இல்ல அது, ஆத்து மணல வாயில போட்ட மாதிரி நறநறன்னு இருந்துச்சு, ஒரு துளி இனிப்பு கெடையாது, அழுதுட்டேன். கொஞ்ச நேரத்துல தானா சரியாப் போச்சு. அந்த எலை அந்த ரிசெப்டர என்ன பண்ணுதுன்னு சொல்ல முடியுமா? அப்பறம் நெல்லிக்காய் தின்னுட்டு தண்ணி குடிச்சா இனிக்குதே, அது?

கரிம_கண்ணன்
சனி மதியம் 3:35

ஐயா, நீங்க அந்த மணல் கதைய எழுதினதுக்கு ரொம்ப சந்தோஷம், நானே இத எப்ப சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். அந்த எலையில இருக்குறது ஜிம்னீமிக் அமிலங்கள். பொருளப் பிரிச்சு அந்தப் பேர வச்சது யாரு தெரியுமா, டேவிட் ஹூப்பர்னு ஊட்டியில சென்னை மாகாண அரசாங்கத்துக்கு வேலை பாத்த வேதியியல்காரர், 1887ல எழுதியிருக்காரு. ஆயா கையில இருந்த அறிவு ஊட்டி வழியா உலகத்துக்குப் போயிருக்கு.

அது என்ன பண்ணுதுன்னு 2014ல ஜப்பான்காரங்க காமிச்சாங்க. ஃப்ளைட்ராப் பக்கமே அது போறதில்ல, அடியில தோலுக்குள்ள பொதஞ்சிருக்குற டி1ஆர்3 பகுதியில போய் இறுக்கி ஒக்காந்துக்குது. மேல சீனி வந்து எதழ மூடினாலும் கீழ நெளிய முடியாது. கைப்பிடி திரும்புது, தாழ்ப்பாள் நகர மாட்டேங்குது. சீனி, சக்கரின், அஸ்பார்ட்டேம் எது வந்தாலும் சரி, எல்லாத்துக்கும் இனிப்பு போயிடும், அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரத்துல எச்சில் அத கழுவி எடுத்துட்டுப் போனதும் திரும்ப வந்துடும். உப்பு, புளிப்பு, கசப்பு எதுக்கும் ஒண்ணும் ஆகாது. எலிக்கு இது வேலை செய்யாது, மனுஷனுக்கும் சிம்பன்சிக்கும் மட்டும்தான் செய்யுது, எலியோட டி1ஆர்3 அந்த எடத்துல வேற மாதிரி இருக்கு.

அந்த "மணல்" இருக்கு பாருங்க, அதுதான் இந்த மொத்தப் பேச்சுக்கும் உயிரு. வெல்லம் அப்படியேதான் இருந்துச்சு, ஒரு அணு கூட மாறல. இனிப்புன்னு ஒண்ணு வெல்லத்துக்குள்ள இருந்திருந்தா எலை அத எப்படி எடுத்திருக்க முடியும்? எலிங்கள வச்சு 2003ல ஒரு வேலை செஞ்சாங்க, இனிப்பு செல்லுல வேற ஒரு ரிசெப்டர பொருத்தி, எந்தச் சுவையும் இல்லாத ஒரு பொருள் அத தட்டுற மாதிரி பண்ணினாங்க, எலிங்க அந்தத் தண்ணிய தேடிப் போய் குடிக்குது. அந்த செல் கதவு எதால தெறந்தாலும் மூளைக்குப் போற தகவல் "இனிப்பு"ங்கிற ஒண்ணுதான்.

நெல்லிக்காய் வேற சரக்கு, அமிலமும் துவர்ப்பும் கலந்தது, அத நான் இதோட சேக்க மாட்டேன். ஆனா தண்ணி இனிக்கிறதுன்னு ஒண்ணு சக்கரின்லயே இருக்கு. சக்கரின் ரொம்ப அதிகமானா தன் இனிப்ப தானே அமுக்கிடும், வாயக் கொப்பளிக்கும்போது அமுக்கின ஆளு மொதல்ல கழுவிப் போயிடுவாரு, ரிசெப்டர் சட்டுனு விடுபட்டு வெறும் தண்ணி இனிக்கும். 2006ல அளந்து எழுதியிருக்காங்க.

ஈசூன்_ரவி
சனி மதியம் 4:02

சரி நான் நாக்கு படத்த வாபஸ் வாங்கிக்கிறேன், சின்னதுலேர்ந்து நம்பிட்டேன். எனக்கு ஒரு டவுட், தே பெங் ஐஸ் கரைஞ்சு சூடாயிட்டா திகட்டுதே, ஆனா தர்பூசணி மட்டும் ஐஸ்ல வச்சாத்தான் இனிப்பா இருக்கு. ஒண்ணுக்கொண்ணு இடிக்குது.

கரிம_கண்ணன்
சனி மாலை 5:10

ரெண்டும் உண்மை, காரணம் வேற வேற எடத்துல இருக்கு. நேத்து சொன்ன டிஆர்பிஎம்5 வாசல் சூட்டுக்கு அசைஞ்சு குடுக்கும், 15 டிகிரிலேர்ந்து 35 டிகிரிக்கு போகப் போக நல்லா தெறக்கும், 2005ல கண்டுபிடிச்சது. குளுந்த தேயில அதே சீனி இருந்தும் சிக்னல் மந்தமா இருக்கு, அதனாலதான் தே பெங்குக்கு கடைக்காரர் கூடக் கொட்டுறாரு. உருகின ஐஸ்கிரீம குடிச்சுப் பாத்தா புரியும்.

தர்பூசணியில இருக்குறது பெரும்பாலும் பழச்சீனி. அந்த மூலக்கூறு தண்ணியில தன் வடிவத்த மாத்திக்கிட்டே இருக்கும், அதுல ஆறு மூலை வளையமா இருக்குற பீட்டா வடிவந்தான் ரொம்ப இனிப்பு, குளிர்ல அந்த வடிவம் அதிகமா இருக்கும், சூடு ஏற ஏற இனிப்பு கொறஞ்ச வடிவத்துக்கு மாறிடும். அங்க மாறுறது சாவி, தேயில மாறுறது பூட்டுக்கு உள்ள இருக்குற மணி.

மருந்தக_நிஷா
சனி இரவு 8:20

நான் ஒரு ஃபார்மசிஸ்ட், ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிக்கிறேன். சிராங்கூன் ரோடு நாட்டு மருந்துக் கடையில சிறுகுறிஞ்சான் பொடி கெடைக்குது, இந்த இழையப் படிச்சுட்டு யாரும் சக்கரை மாத்திரை சாப்பிடுற அப்பா அம்மாவுக்கு குடுத்துடாதீங்க. அது ரத்தச் சக்கரையக் கொறைக்கக் கூடியது, ஏற்கனவே மெட்ஃபார்மின், கிளிபிசைடு, இன்சுலின்னு எடுக்கிறவங்களுக்கு சேந்து ரொம்ப எறங்கிட்டா மயக்கம் வரும். டாக்டர கேக்காம வேணாம். மீனா, உங்க அப்பாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

கரிம_கண்ணன்
சனி இரவு 9:05

நிஷா சொன்னது நூத்துக்கு நூறு. அப்பா பக்கம் அது போகவே கூடாது.

மீனாவுக்கு தர வேண்டிய பதில் பாக்கி இருக்கு. சக்கரின் ஒரே நேரத்துல ரெண்டு கதவத் தட்டுது. ஒண்ணு இனிப்பு ரிசெப்டர். இன்னொண்ணு கசப்பு ரிசெப்டர், மனுஷனுக்கு அந்த வகையில சுமார் 25 இருக்கு, அதுல டிஏஎஸ்2ஆர்31, டிஏஎஸ்2ஆர்43ன்னு ரெண்டு சக்கரினுக்கு பதில் சொல்லும். இந்த ரெண்டோட ஜீன் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், ஒரே வீட்ல கூட. சிலருக்கு அந்தக் கசப்பு பளிச்சுன்னு தெரியும், சிலருக்கு தெரியவே தெரியாது, ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க. ஸ்டீவியாவுக்கு தட்டுற கசப்புக் கதவுங்க வேற, டிஏஎஸ்2ஆர்4, டிஏஎஸ்2ஆர்14.

தம்பிக்கு நம்பிக்கை வரலன்னா ஒரு வழி இருக்கு. நீங்களும் தம்பியும் எந்த மருந்தும் எடுக்காத ஆளுங்களா இருந்தா, சிறுகுறிஞ்சான் பொடி ஒரு சிட்டிகை நாக்குல தடவி ஒரு நிமிஷம் வச்சிருந்து துப்பிடுங்க, முழுங்க வேணாம், பொடியே கசக்கும், அது போற வரைக்கும் நல்லா கொப்பளிங்க. மொதல்ல சீனி வச்சுப் பாருங்க. அப்பறம் தேயில வேணாம், தேக்கே ஒரு துவர்ப்பு உண்டு, வெறும் வெந்நியில ரெண்டு மாத்திரைய கரைச்சு குடிச்சுப் பாருங்க. இனிப்பு முழுசும் அணைஞ்சு போயிருக்கும், மிச்சம் இருக்குறது என்னவோ அதுதான் சக்கரினோட இன்னொரு கதவு.

ஜேசி_மாணவன்
சனி இரவு 9:30

அண்ணா இத எங்க ஸ்கூல் லேப்ல செஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்! இன்னொரு கேள்வி, எங்க அம்மா பாயாசத்துல ஒரு சிட்டிகை உப்பு போடுவாங்க, இனிப்பு தூக்கும்னு. அதுவும் ரிசெப்டரா?

கரிம_கண்ணன்
சனி இரவு 10:12

அம்மா கைக்கு மரியாதை குடுப்பா. 2023ல ஜப்பான்ல மெடாக்கா மீனோட ரிசெப்டர படிகமாக்கிப் பாத்தப்ப டி1ஆர்3 ஃப்ளைட்ராப்புக்குள்ள ஒரு குளோரைடு அயனி ஒக்காந்திருந்துச்சு, எலியோட நரம்புலயும் அந்தக் குளோரைடுக்கு லேசா பதில் வந்துச்சு. உப்பு கரைஞ்சா வர்றது சோடியமும் குளோரைடும்தானே.

இன்னொரு விஷயமும் இதோட சொல்லிடறேன், மீனா அப்பாவுக்கு ஒருவேளை கசப்பு இல்லாத ஒண்ண வாங்கிக் குடுத்தாலும் "ஏதோ கொறையுது"ன்னு சொன்னா அதையும் தள்ளிடாதீங்க. 2020ல எலிங்களுக்கு ஒரு பக்கம் சீனித் தண்ணி, ஒரு பக்கம் அசெசல்ஃபேம்ங்கிற செயற்கை இனிப்பு போட்ட தண்ணி வச்சாங்க, மொதல்ல ரெண்டையும் குடிச்சுது, ரெண்டு நாள்ல எல்லாம் சீனிப் பக்கம் போயிடுச்சு. இனிப்பு ருசியே தெரியாத மாதிரி ஜீன் மாத்தின எலிங்க கூட போயிடுச்சு. கொடல்ல குளுக்கோஸ தனியா உணர்ற செல் இருக்கு, அது வேகஸ் நரம்பு வழியா மூளைக்கு சேதி சொல்லுது, செயற்கை இனிப்புக்கு அது அசையாது. நாக்க திருப்திப்படுத்தினா ஆச்சுன்னு நாங்க லேப்ல எவ்வளவு மெனக்கெட்டாலும், கீழ இன்னொருத்தர் கணக்கு பாத்துக்கிட்டு இருக்காரு.

தேக்கா_மீனா
ஞாயிறு இரவு 9:48

செஞ்சுட்டோம்! சாயந்திரம் நானும் தம்பியும் கிச்சன்ல நின்னு. பொடி பச்சையா மக்கின வைக்கோல் வாசம், கசப்பு, நாலஞ்சு தடவ கொப்பளிச்சோம். அப்பறம் ஒரு ஸ்பூன் சீனி. உட்லண்ட்ஸ் ஐயா சொன்ன அதே மணல். பல்லுல நறநறன்னு அரையுது, கரையுது, பிசுபிசுன்னு ஆகுது, இனிப்பு மட்டும் இல்ல. எனக்கு ஒரு மாதிரி பயமாக் கூட இருந்துச்சு, தெரிஞ்ச ஆளு திடீர்னு மூஞ்சி மறந்து போன மாதிரி.

அப்பறம் மாத்திரை கரைச்ச வெந்நி. மொதல்ல வெறும் வெந்நிய குடிச்சுப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. மாத்திரைத் தண்ணிய ஒரு வாய் எடுத்தேன், முழுங்கினேன், அண்ணா, நாக்கோட அடியில அப்படியே தகரம். அப்பா சொன்ன வார்த்தைதான், தகரம். இத்தனை நாளா இனிப்புக்குப் பின்னாடி அது ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, எனக்கு லேசா இருக்கு இல்லன்னு தோணினது இதான். தம்பி பக்கத்துல அதே டம்ளர்ல குடிச்சுட்டு "வெந்நிதானே இது"ங்கிறான். மறுபடி குடிச்சான். "ஒண்ணுமே இல்லக்கா"ன்னான். என் மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டான், அவனுக்கு அந்தக் கதவு இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது. டம்ளர கழுவி வச்சுட்டு நேரா அப்பா ரூமுக்குப் போய் உக்காந்தான், என்ன பேசினாங்கன்னு நான் கேக்கல.

உட்லண்ட்ஸ்_பெரியவர்
ஞாயிறு இரவு 10:20

அம்மாடி, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. எங்க ஆயாவுக்கு ஒரு ரிசெப்டரும் தெரியாது, அந்த எலை மட்டும் தெரியும்.

மருந்தக_நிஷா
ஞாயிறு இரவு 10:41

ரொம்ப நல்லது மீனா. அடுத்த தடவ பாலிகிளினிக் போகும்போது டயட்டீஷியன்கிட்ட சக்கரின் கசக்குதுன்னு சொல்லுங்க, வேற இனிப்பூட்டி சொல்லுவாங்க. அஸ்பார்ட்டேம் குடுத்தா அடுப்புல கொதிக்கிறதுல போடாதீங்க, அதிகச் சூட்டுல ஒடஞ்சு இனிப்பு கொறைஞ்சிடும், கிளாஸ்ல ஊத்தினதுக்கு அப்பறம் போடுங்க.

தேக்கா_மீனா
திங்கள் காலை 7:30

இன்னைக்கு காலையில அப்பாவுக்கு தே ஓ கோசோங், ஒண்ணுமே போடாம, இஞ்சி மட்டும் தட்டிப் போட்டுக் குடுத்தேன், தம்பிதான் போட்டான். அப்பா முழு கிளாஸையும் குடிச்சாரு. அப்பறம் மாத்திரை டப்பாவ எடுத்து தம்பி கைல குடுத்து, "நீ வச்சுக்கடா, ஒனக்குத்தான் கசக்காதே"ன்னாரு. ஸ்டீவியா ஒரு சின்ன பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன், அந்த ரெண்டு கதவு அப்பாவுக்கு எப்படின்னு சனிக்கிழமை வெந்நியில கரைச்சுக் குடுத்துப் பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.